பவுல்துரை காரின் நல்ல நேரம்

ஆரணி கொசப்பாளையம் பவுல்துரைக்கு ராகு காலத்தில் நம்பிக்கை கிடையாது. எமகண்டத்திலும் கிடையாது. ஆனால் எந்தக் கிழமையில் எது எத்தனை மணிக்குத் தொடங்கி எப்போது முடிகிறது என்று கேட்டால், காலண்டரைப் பார்க்காமலே சொல்லிவிடுவார். சபைக் கமிட்டியில் இருக்கிற மனிதருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று போதகரே ஒரு முறை கேட்டார். தொழிலுக்கு வேண்டியிருக்கிறது என்றார் பவுல்துரை.

அவருக்குத் தொழில் இரண்டு. முதலாவது பட்டுச் சேலைக்கு டிசைன் போடுவது. பார்டரில் எங்கே மயில் நிற்க வேண்டும், எங்கே மாங்காய் தொங்க வேண்டும் என்று வரைந்து, அதை அட்டையில் துளைகளாகக் குத்திக் கொடுப்பார். தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டி அந்தத் துளைகளைப் பார்த்து இழையைத் தூக்கும். இப்போது பாதித் தறிகளில் எலெக்ட்ரானிக் ஜக்கார்டு வந்துவிட்டது. அட்டை கிடையாது, பென் டிரைவ்தான். அதனால் பவுல்துரைக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஊரில் முதல் எலெக்ட்ரானிக் பெட்டியை வாங்க வைத்ததே அவர்தான். பென் டிரைவில் ஏறினாலும் மயிலுக்குக் கூலி அதே கூலி என்பது அவர் கட்சி.

இரண்டாவது தொழில் 1978-ம் வருஷத்து ஃபியட். பாலாடை நிறம். கல்யாணப் பெண்ணை ஏற்றிக்கொண்டு போவதற்கு ஆரணியிலும் சுற்றுப்பக்கத்திலும் அந்தக் காருக்குத் தனி மவுசு. ஏ.சி. கிடையாது, பின் கண்ணாடி பாதிக்கு மேல் இறங்காது, ஆனாலும் அந்தக் காரைத்தான் கேட்பார்கள். காரணம் அழகு மட்டுமல்ல. பவுல்துரை காரில் நல்ல நேரம் தவறாது என்று ஒரு பேர் இருந்தது.

அந்தப் பேர் வந்த விதம் இப்படி. சனிக்கிழமை ஒன்பது முதல் பத்தரை வரை ராகு காலம். ஆகவே பெண் எட்டே முக்காலுக்குக் கிளம்ப வேண்டும் என்று பெரியவர்கள் கூடித் தீர்மானிப்பார்கள். எட்டே முக்காலுக்குக் கிளம்பிய பெண்ணை ஆரணி இதுவரை பார்த்ததில்லை. பூ வந்திருக்காது, ஒட்டியாணத்தின் கொக்கி காணாமல் போயிருக்கும், மாமா ஒருவர் அப்போதுதான் குளிக்கப் போயிருப்பார். அதற்கு ஊர் கண்டுபிடித்த வழி, காரை முதலில் கிளப்பிவிடுவது. கிளப்புவது என்றால் ஓட்டுவது அல்ல. நல்ல நேரத்துக்குள் சாவியைத் திருகி, டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும்படி விட்டுவிடுவது. விளக்கு எரிந்தால் பயணம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதன் பிறகு பத்து மணிக்கு ராகு காலத்தின் நட்டநடுவில் புறப்பட்டாலும் அது புறப்படுவதாகாது. ஏற்கெனவே புறப்பட்டதைத் தொடர்வதுதான்.

மற்ற டிரைவர்களும் இதைச் செய்தார்கள். அவர்களுடைய கார்களில் ஒன்றரை மணி நேரம் சாவி போட்டு வைத்தால் பேட்டரி இறங்கும், அல்லது ஏதாவது கருகும். பவுல்துரை காரில் ஒன்றும் ஆகாது. ஏனென்றால் அவர் சட்டைப் பையில் ஓர் அட்டைத் துண்டு இருந்தது.

பழைய பெட்ரோல் காரில் டிஸ்ட்ரிபியூட்டர் என்று கிண்ணம் அளவுக்கு ஓர் உறுப்பு உண்டு. அதற்குள் இரண்டு உலோக முனைகள் தொட்டுத் தொட்டுப் பிரியும். பிரியும்போதெல்லாம் ஒரு பொறி; அந்தப் பொறியில்தான் என்ஜின் ஓடுகிறது. அந்த முனைகளுக்குப் பாயிண்ட் என்று பேர். முனைகளுக்கு நடுவே இருக்க வேண்டிய இடைவெளி அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மெக்கானிக்குகள் அதற்கென்று ஒரு கேஜ் வைத்திருப்பார்கள். பவுல்துரையோ பழைய ஜக்கார்டு அட்டை ஒன்றிலிருந்து வெட்டிய துண்டை வைத்திருந்தார். அந்தத் துண்டு உள்ளே போய், இழுத்தால் தயங்கி வர வேண்டும், அதுதான் அளவு. இருபத்திரண்டு வருஷம் அந்த அளவு பொய்த்ததில்லை. இப்போது வரும் அட்டை மெலிசு, அது ஆகாது.

நல்ல நேரத்துக்கும் அதே துண்டுதான். சாவியைத் திருகும் முன் பானட்டைத் தூக்கி, பாயிண்டின் நடுவே அட்டையைச் செருகிவிடுவார். சிவப்பு விளக்கு எரியும், பொறிக்கு மின்சாரம் கொடுக்கும் காயிலுக்குக் கரண்ட் போகாது, எதுவும் சூடாகாது. பெண் வந்து உட்கார்ந்ததும், ஆயில் பார்ப்பதுபோல் குனிந்து அட்டையை உருவிக்கொள்வார். பார்க்கிறவர்கள் அதை ஒரு பக்தியான காரியம் என்று நினைத்தார்கள். அவர் மறுத்ததில்லை, ஒப்புக்கொண்டதும் இல்லை.

இப்படி ஊருக்கெல்லாம் நேரம் தவறாத கார், வீட்டுக்கு மட்டும் தவறிவிட்டது. போன வருஷத்துக்கு முந்தின வருஷம், மனைவி அமலோற்பவத்தின் தங்கை பேரனுக்கு ஞானஸ்நானம். போளூருக்குப் போகும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. என்ஜினை நிறுத்தினார். ரயில் போனது, கேட் திறந்தது, கார் கிளம்பவில்லை. பாயிண்ட் தேய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. பின்னால் பஸ் வரிசை. அதில் முதலாவதாக நின்ற பஸ்ஸின் கண்டக்டர் தலையை நீட்டி, “பெருசு, கேட்டைத் தொறந்துட்டாங்க. உன் வண்டிய எப்போ தொறப்பாங்க?” என்றார். கூட வந்த சகலையும் ஒரு சுண்டல்காரரும் தள்ளினார்கள். அமலோற்பவம் புதுச் சேலையோடு இறங்கினார். தள்ளுவதற்கு இறங்குகிறார் என்று பவுல்துரை நினைத்தார். அவர் நேராகப் போய் அந்தக் கண்டக்டரின் பஸ்ஸில் ஏறிக்கொண்டார். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கணவரைக் கடந்து போனார். கை அசைக்கவில்லை.

அன்றிலிருந்து அவர் காரில் ஏறவில்லை. அமலோற்பவம் கத்தோலிக்கர், முப்பத்திரண்டு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவர், சொன்ன சொல்லைத் திருத்தும் பழக்கம் இல்லாதவர். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை அவரை மாதா கோயிலில் இறக்கிவிட்டு, பவுல்துரை தன் சபைக்குப் போவார். இப்போது அவர் ஷேர் ஆட்டோவில் போனார். பவுல்துரை ஆட்டோவுக்குப் பின்னாலேயே, ஆட்டோ நிற்கும் இடமெல்லாம் நின்று, காலியான காரை ஓட்டிக்கொண்டு போனார். எதற்கு என்று யாராவது கேட்டால் பேட்டரி சார்ஜ் ஏற வேண்டும் என்பார். முன் சீட்டின் இடப்பக்கம் யாரையும் உட்கார விடுவதில்லை. ஸ்பிரிங் சரியில்லை என்று சொல்வார். ஸ்பிரிங் நன்றாகத்தான் இருந்தது.

பதினாலு மாதம் கழித்து, தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தின வாரம், பவுல்துரையே பேச்சை எடுத்தார்.

“எலெக்ட்ரானிக் கிட்டு ஒண்ணு வந்திருக்குது, அமலா. பாயிண்ட்டே கிடையாது. தேயுறது, ஒட்டுறது ஒண்ணும் இல்ல. அதை மாட்டிட்டா வருவியா?”

அமலோற்பவம் கீரை ஆய்ந்துகொண்டே யோசித்தார். “தவக்காலம் நாற்பது நாள். ஒரு நாள் கூட மக்கர் பண்ணாம மொத சாவியிலயே வண்டி கிளம்பட்டும். ஈஸ்டர் அன்னிக்கு ஏறுறேன்.”

“ஒரு தடவை நின்னா?”

“நின்னா ஆட்டோ இருக்குது. எனக்கு இன்னா குறைச்சல்?”

கிட் கூரியரில் வந்தது. உள்ளங்கையில் அடங்கும் கறுப்புத் துண்டு ஒன்று, காந்தம் பதித்த வளையம் ஒன்று, சிவப்பு ஒயர் ஒன்று, கறுப்பு ஒயர் ஒன்று, பதினோரு குறிப்புகள் அடங்கிய ஓர் இங்கிலீஷ் தாள். மாட்டுவதற்கு வந்தவர் குமரேசன். வந்தவாசி ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக். அவர் அந்தக் கறுப்புத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மாஸ்டர், பாயிண்ட்டு பேஜார் பண்ணும், இல்லன்னு சொல்லல. ஆனா ஏன் பேஜார் பண்ணுதுன்னு கண்ணால பார்க்கலாம். இது சொல்லாம கொள்ளாம பூடும்.”

“உன் போனுக்குள்ள பாயிண்ட்டா வெச்சிருக்கான்? அது ஓடல?”

“போன் நின்னா யாரும் எறங்கித் தள்ள வேணாமே.”

மாட்ட நாற்பது நிமிஷம் ஆயிற்று. சாவியைத் திருகியதும் என்ஜின் பிடித்த வேகத்தில் குமரேசனே ஒரு அடி பின்வாங்கினார். காரின் பழைய தடதடப்பு போய், தையல் மிஷின் போல் ஒரு சீரான சத்தம். பவுல்துரை பதினோரு குறிப்புகளையும் இரண்டு முறை படித்தார். என்ஜின் ஓடாதபோது சாவியைப் போட்டபடி விடக் கூடாது, விட்டால் கருவி எரிந்துவிடும் என்று ஏழாம் குறிப்பு சொன்னது. அதைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டார். சாவியைப் போட்டுவிட்டு மறந்து போகிறவர்கள் நாட்டில் நிறையப் பேர், அவர்களுக்காகச் சொல்லியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டார். பழைய பாயிண்டைத் துடைத்து, பல்பொடி டப்பாவில் போட்டு, டேஷ்போர்டு பெட்டியில் வைத்தார். சட்டைப் பையில் இருந்த அட்டைத் துண்டுக்கு இனி வேலை இல்லை. அதை வீட்டுக்குக் கொண்டுபோய் வேதாகமத்தில் பக்க அடையாளமாக வைத்தார்.

தவக்காலம் தொடங்கியது. அவர் சபையில் அதற்கு லெந்து என்று பேர். நாள் கணக்கு ஒன்றுதான். தினமும் காலை ஏழு மணிக்கு, அமலோற்பவம் வாசல் தெளிக்கும் நேரம் பார்த்து, பவுல்துரை காரைக் கிளப்புவார். முதல் சாவி. அமலோற்பவம் நிமிர்ந்து பார்க்க மாட்டார். ஆனால் சமையலறைக் காலண்டரில் அன்றைய கட்டத்தில் ஒரு டிக் விழும். ஞாயிற்றுக்கிழமைகள் தவக்காலக் கணக்கில் சேராதாகையால் அன்று டிக் கிடையாது. அன்றும் கார் கிளம்பியது. அதற்கு மதிப்பெண் இல்லை.

இருபத்தெட்டாவது நாள் சனிக்கிழமை. பட்டு வியாபாரி வீரபாகுவின் மகள் உதயாவுக்கு மறுநாள் தெள்ளாரில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டு மண்டபத்துக்குப் பெண்ணை அழைத்துப் போக வேண்டும். வீரபாகு பழைய சிநேகிதர்; ஊரில் முதல் எலெக்ட்ரானிக் ஜக்கார்டு வாங்கியவர் அவர்தான். எட்டு மணிக்கே வாழை மரம் கட்டிய வாசலில் ஃபியட் போய் நின்றது. முன்னால் ரோஜா மாலை, பின்னால் எலுமிச்சம்பழம். எட்டரைக்கு வீரபாகுவின் அக்கா திலகவதி வெளியே வந்தார். நல்ல நேரத்துக்கு அந்த வீட்டில் அவர்தான் அதிகாரி.

“பவுலு தம்பி, ஒம்போதுக்கு ராகு காலம். பொண்ணுக்கு இப்போதான் தலை பின்னிகினு இருக்காங்க. வண்டியப் போட்டு வுட்டுடு.”

“ஆகட்டும்க்கா.”

அவர் கை வழக்கம்போல் சட்டைப் பைக்குப் போயிற்று. பை காலி. ஒரு கணம் நின்றார். அட்டை எதற்கு? பாயிண்டைக் காப்பாற்ற. பாயிண்ட் எங்கே? இல்லை. ஆகவே காப்பாற்ற ஒன்றும் இல்லை. இந்த யோசனையில் ஓட்டை எதுவும் அவருக்குத் தென்படவில்லை. எட்டு நாற்பதுக்குச் சாவியைத் திருகினார். சிவப்பு விளக்கு எரிந்தது. திலகவதி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, குனிந்து பார்த்து, தலையசைத்தார். பவுல்துரை இட்லி சாப்பிடப் போனார். ஏழாம் குறிப்பு அவர் நினைவில் இல்லாமல் இல்லை. அது மறதிக்காரர்களுக்குச் சொன்னது. அவர் எதையும் மறக்கவில்லை. சாவி போட்டிருக்கிறது என்பது நன்றாக நினைவில் இருந்தது.

ஒன்பதரை மணிக்கு உதயா கீழே வந்தாள். பின் சீட்டில் அவளும் திலகவதியும் ஏறினார்கள். மற்றவர்கள் வேனில் ஏறி, கார் முன்னால் போகக் காத்திருந்தார்கள். பூசணிக்காய் சுற்றி உடைத்தாயிற்று. பவுல்துரை சாவியை இன்னும் கொஞ்சம் திருகினார். என்ஜின் சுற்றியது, சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி. பிடிக்கவில்லை. எங்கிருந்தோ ரப்பர் செருப்பைத் தீயில் போட்டதுபோல் ஒரு வாடை.

பானட்டைத் திறந்து காயிலைத் தொட்டவர் கையை உதறிக்கொண்டார். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினார். கறுப்புத் துண்டு ஒரு பக்கம் உருகி, வழிந்து, உறைந்திருந்தது.

வீரபாகு பக்கத்தில் வந்து நின்றார். “இன்னா பவுலு?”

“எரிஞ்சி போச்சு.”

“எலெக்ட்ரானிக்குன்னியே.”

“எலெக்ட்ரானிக்தான் எரிஞ்சி போச்சு.”

“வேற கார் சொல்லட்டுமா?”

காருக்குள்ளிருந்து திலகவதியின் குரல் வந்தது. “அதெப்பிடி? இந்த வண்டில எட்டு நாப்பதுக்கே கிளம்பியாச்சு. இப்போ எறங்கி வேற வண்டில ஏறுனா ராகு காலத்துல கிளம்பினதா ஆயிடும். யாரும் எறங்கக் கூடாது.” உதயா, “அத்தை, வேர்க்குது” என்றாள். “வேர்க்கட்டும்” என்றார் அத்தை.

பவுல்துரை குமரேசனுக்குப் போன் போட்டார். குமரேசன் திருமலைப் பக்கம் ஒரு டிராக்டருக்கு அடியில் படுத்திருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, சொன்னேனே என்று சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததே கேட்டது. “பழைய பாயிண்ட்டு இருக்குதுல்ல? காயில் மேல ஈரத்துணி போடுங்க. பாயிண்ட்ட மாட்டி, இடைவெளியைக் கண் அளவுல வெச்சி ஓட்டுங்க மாஸ்டர்.”

பாயிண்டை மாட்டிவிட்டார். கண் அளவு என்பதில்தான் அவர் தயங்கினார். தெள்ளாருக்குக் கிட்டத்தட்ட ஐம்பது கிலோமீட்டர். கண் அளவு பிசகினால் நடுவழியில் ஒட்டிக்கொள்ளும். போளூர் கேட்டில் நின்றதே போதும். பட்டுச் சேலையில் ஒரு பெண்ணை இறக்கி ரோட்டில் நிறுத்த அவருக்கு மனம் வரவில்லை. உள்ளே ஓடித் தறி மேட்டில் அட்டை ஏதாவது கிடக்கிறதா என்று தேடினார். நாலு தறி, நாலு எலெக்ட்ரானிக் பெட்டி, நாலு பென் டிரைவ். நாலையும் வாங்கச் சொன்னவர் அவர்தான். கல்யாணப் பத்திரிகையைச் செருகிப் பார்த்தார். பிள்ளையார் புடைத்து நின்றார், உள்ளே போகவில்லை. விசிட்டிங் கார்டு தொளதொளவென்று ஆடியது.

சரியான அட்டை இருக்கும் இடம் அவருக்குத் தெரியும். அதைக் கொண்டுவரக் கூடிய ஒரே ஆள் யார் என்பதும் தெரியும். போனை எடுத்தார், வைத்தார், எடுத்தார். இன்னும் பன்னிரண்டே நாள். காருக்குள் பார்த்தார். உதயாவின் நெற்றிப் பொட்டு வேர்வையில் இறங்கத் தொடங்கியிருந்தது. போனைப் போட்டுவிட்டார்.

“அமலா, என் வேதாகமத்துல ஒரு அட்டைத் துண்டு இருக்குது. அதை எடுத்துகினு ஜல்தி வீரபாகு வீட்டுக்கு வா.”

அந்த அட்டை எதற்கென்று இருபத்திரண்டு வருஷமாகத் தெரிந்தவர் அமலோற்பவம்.

“வண்டி நின்னுடுச்சா?”

“நிக்கல. கிளம்பல.”

“ம்” என்றார் அமலோற்பவம்.

கால் மணியில் ஆட்டோ வந்தது. இறங்கினார். வீட்டில் கட்டியிருந்த சேலைதான்; மூக்குக் கண்ணாடியும் பர்ஸும் மட்டும் கூடுதல். அட்டையை நீட்டினார். “யோபு ஆகமத்துல இருந்துச்சு” என்றார். பவுல்துரை குனிந்து அட்டையைச் செருகி, இழுத்து, திருகாணியை முடுக்கி, மறுபடி இழுத்தார். தயங்கி வந்தது. மூடியை மாட்டி, பானட்டை இறக்கி, அட்டையை அதன் மேல் வைத்துவிட்டு உள்ளே போய்ச் சாவியைத் திருகினார். முதல் சாவி. பழைய தடதடப்பு. வேனிலிருந்து யாரோ விசில் அடித்தார்கள்.

அவர் இறங்கி வந்து, மனைவியின் முகத்தைப் பார்க்காமல், அட்டைக்காகக் கையை நீட்டினார். பானட் மேல் வைத்திருந்த அட்டை அங்கே இல்லை. அமலோற்பவத்தின் கையில் இருந்தது.

“குடு. வழியில வேண்டியிருக்கும்.”

“குடுக்க முடியாது. நீங்க இத்த எங்கனா போட்டுட்டு நடு ரோட்டுல நிப்பீங்க. பாவம் பொண்ணு. நானே வெச்சிகினு வரேன்.”

சொல்லிவிட்டு முன் கதவைத் திறந்து இடப்பக்கம் உட்கார்ந்தார். பவுல்துரை வெளியே நின்றபடியே இருந்தார்.

“அப்போ... ஏறிட்டியா?” என்றார்.

“யார் ஏறுனது? அட்டையக் கொண்டாந்தேன். உங்க கணக்கு வேற, இது வேற. இருபத்தெட்டாம் நாள் வண்டி மக்கர் பண்ணிடுச்சு. ஈஸ்டருக்கு நான் ஆட்டோதான்.”

பின்னாலிருந்து திலகவதி கேட்டார்: “டீச்சரம்மா, உங்க வூட்டுச் சண்டைய எட்டு நாப்பதுக்கே ஆரம்பிச்சிட்டீங்களா? இல்லன்னா ராகு காலம் முடியட்டும்.”

தெள்ளார் வரை கார் எங்கும் நிற்கவில்லை. அமலோற்பவம் அட்டையை மடியில் வைத்து, அதன் மேல் கையை வைத்து, நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார். வந்தவாசி தாண்டியதும், “ஸ்பிரிங் நல்லாத்தானே இருக்குது” என்றார்.

சொன்னபடி ஈஸ்டர் காலையில் அவர் ஆட்டோவில் போனார். பவுல்துரை பின்னால் போனார்.

அடுத்த வாரம் இரண்டாவது கிட் வந்தது. முதலாவதுக்கு வாரன்டி கேட்டு கம்பெனிக்கு எழுதினார். கருவி எப்படி எரிந்தது என்ற கேள்விக்கு ‘நல்ல நேரம்’ என்பதை இங்கிலீஷில் எப்படி விளக்குவது என்று மூன்று நாள் யோசித்து, விளக்கினார். பதில் வரவில்லை. குமரேசன் இந்த முறை டேஷ்போர்டின் கீழே ஒரு சின்ன சுவிட்ச் வைத்துக் கொடுத்தார். அதைத் தட்டினால் சிவப்பு விளக்கு மட்டும் எரியும். வேறு எதற்கும் கரண்ட் போகாது. இது மோசடி ஆகுமோ என்று பவுல்துரைக்குச் சங்கடம். திலகவதியிடமே போய்ச் சுவிட்சைக் காட்டி நியாயம் கேட்டார். “லைட்டு எரியுதா?” என்றார் அவர். “எரியுதுக்கா.” “அப்புறம் இன்னா?”

இப்போது கார் தையல் மிஷின் சத்தத்தோடு முதல் சாவியிலேயே கிளம்புகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அமலோற்பவம் ஆட்டோவில்தான் போகிறார், சொன்ன சொல். கல்யாண நாட்களில் மட்டும், பர்ஸில் அட்டையோடு, முன் சீட்டின் இடப்பக்கம் வந்து உட்கார்ந்துகொள்கிறார். பெண்ணை ஏற்றிக்கொண்டு போகும் வண்டி, வழியில் வேண்டியிருக்கும் என்கிறார். இந்த வைகாசியில் எட்டுக் கல்யாணம் ஆயிற்று.

ஆயில் மாற்ற வந்த நாளில் குமரேசன், கூடத்தில் அமலோற்பவம் இருப்பதைப் பார்க்காமல், உரக்கவே சொல்லிவிட்டார்: “மாஸ்டர், இதுலதான் பாயிண்ட்டே இல்லையே. அட்டைக்கு வேலை இல்லன்னு டீச்சரம்மாக்கு யாராவது சொல்லக் கூடாதா?”

“நீ உன் வேலையப் பாருடா” என்றார் பவுல்துரை.

உள்ளே அமலோற்பவம் பழைய கிட்டின் பதினோரு குறிப்புத் தாளை மடித்து, கரப்பான் வராமல் இருக்க அலமாரித் தட்டில் விரித்துக்கொண்டிருந்தார். விரிப்பதற்கு முன் ஒருமுறை முழுதாகப் படித்திருந்தார். நிதானமாக வெளியே வந்து, வெள்ளிக்கிழமை ஆற்காட்டுக் கல்யாணத்துக்கு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று கேட்டார்.